ஐசியுவில் முதல் இரவு: செவிலியருக்கு ஒத்திகை ஏன் வேண்டும்?

இரவு இரண்டரை மணி. எட்டுப் படுக்கை கொண்ட ஐசியு. நான்காவது படுக்கையில் இருந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் இருந்தார். திடீரென்று வென்டிலேட்டர் கத்த ஆரம்பித்தது. மானிட்டரில் ஆக்ஸிஜன் அளவு 94-லிருந்து 90, 86, 81 என்று இறங்கிக்கொண்டே போனது. எனக்கு அப்போது 22 வயது. வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம், ஐசியுவுக்கு மாற்றப்பட்டு ஒன்பதாவது நாள்.

நான் செய்த முதல் காரியம், அலாரத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தியது. மறுபடி கத்தியது. மறுபடி அழுத்தினேன். ஏழாவது படுக்கையிலிருந்து சீனியர் சிஸ்டர் ஓடி வந்து என்னை ஒரு தள்ளு தள்ளினார். "மெஷினை ஏன்டி பார்த்துக்கிட்டு நிக்கறே? ஆளைப் பாரு!" வென்டிலேட்டர் குழாயைக் கழற்றி, அம்பு பேக்கை மாட்டி அழுத்தினார். பை அமுங்க மறுத்தது. உடனே சக்‌ஷன் குழாயை உள்ளே விட்டார். கெட்டியான சளிக் கட்டி ஒன்று வெளியே வந்தது. ஆக்ஸிஜன் மெல்ல ஏறியது. மொத்தமே மூன்று நிமிடம் இருக்கலாம்.

அந்த மனிதர் இரண்டு வாரம் கழித்து நடந்தே வீட்டுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்கதான் தாயி காப்பாத்தினீங்க" என்றார். அன்று ராத்திரி என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சீனியர் சிஸ்டர் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தால் அவர் போயிருப்பார்.

என் படிப்பில் குறை இல்லை. 'வென்டிலேட்டரில் உள்ள நோயாளியின் பராமரிப்பு' என்ற கேள்விக்குப் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான். குழாயில் சளி அடைத்தால் என்ன அறிகுறி, என்ன செய்ய வேண்டும் எல்லாம் மனப்பாடம். ஆனால் மூளையில் இருந்தது கைக்கு வரவில்லை. அந்த நொடி வரைக்கும் என் கை அதை ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை.

இப்போது நான் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். என் மாணவிகளில் பலர் இதே ஒன்பதாவது நாள் இரவை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். மருத்துவ உலகில் 'கிளினிக்கல் சிமுலேஷன்' என்று சொல்லப்படும் மாதிரிச் சூழல் பயிற்சியைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். இந்தப் பெயரைக் கேட்டதும் ஏதோ பெரிய கம்ப்யூட்டர் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் வார்த்தையில் சொன்னால், ஒத்திகை. உயிர் போகும் நிலையில் உள்ள நோயாளியின் இடத்தில் ஒரு பொம்மையை வைத்து, மற்ற எல்லாவற்றையும் நிஜம்போலவே நடத்திப் பார்ப்பது.

முதல் பொம்மை செவிலியருக்காகத்தான் வந்தது

பலரும் இதை டாக்டர்களுக்கான பயிற்சி என்று நினைக்கிறார்கள். வரலாறு வேறு. 1911-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் செவிலியர் பயிற்சிப் பள்ளிக்காக, ஆள் உயரப் பொம்மை ஒன்று தயாரானது. செய்துகொடுத்தவர் குழந்தைகளுக்குத் துணிப் பொம்மை செய்துவந்த மார்த்தா சேஸ். அதனால் அந்தப் பொம்மைக்கே 'மிஸஸ் சேஸ்' என்று பெயர் வந்துவிட்டது. படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் போடுவது, உடை மாற்றுவது, தூக்கி உட்காரவைப்பது எல்லாவற்றையும் மாணவிகள் அதன்மேல் பழகினார்கள்.

அடுத்த பெரிய பெயர் 'ரெசசி ஆனி'. நார்வேயில் பொம்மைத் தொழிற்சாலை நடத்திவந்த ஆஸ்முண்ட் லெர்டால், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையைப் பழகுவதற்காக 1960-ல் கொண்டுவந்த பொம்மை அது. இன்று உலகம் முழுக்க நெஞ்சை அழுத்திக் காப்பாற்றும் சிபிஆர் பயிற்சி அந்த வழியில் வந்ததுதான். 1960-களின் பிற்பகுதியில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், மூச்சு விடவும் கண் சிமிட்டவும் தெரிந்த, கம்ப்யூட்டர் இயக்கும் 'சிம் ஒன்' வந்தது. 1980-களில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் டேவிட் கேபா, விமானிகளின் பயிற்சியிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டார். விமானம் விழுவதற்குப் பெரும்பாலும் விமானியின் அறிவுக் குறைவு காரணமில்லை. பதற்றத்தில் குழு சரியாகப் பேசிக்கொள்ளாததுதான் காரணம் என்பது அந்தத் துறையில் தெரிந்துபோயிருந்தது. ஆபரேஷன் தியேட்டரிலும் அதே கதைதானே என்று யோசித்தவர் அவர். பயிற்சியின் மையம் தனி ஆளின் கைத்திறனிலிருந்து குழுவின் நடத்தைக்கு நகர்ந்தது அப்போதுதான்.

விமானி ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்கார்ந்து, இன்ஜின் பற்றி எரிவதையும் இறங்கும் சக்கரம் வெளியே வராமல் போவதையும் சந்தித்தே ஆக வேண்டும். அவருக்கு 20 வருட அனுபவம் இருந்தாலும் விலக்கு கிடையாது. அவர் கையில் 180 உயிர் என்கிறோம். ஐசியு நர்ஸ் கையில் ஒன்றோ இரண்டோ உயிர். அதனால் ஒத்திகை வேண்டாமா?

வார்டு வேறு, ஐசியு வேறு

வார்டில் நர்சிங் மாணவி பார்த்துப் பழகலாம். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுக் கட்டுவது, சர்க்கரை பார்ப்பது எல்லாம் தினம் நூறு முறை நடப்பவை. ஐசியுவில் ஆளைக் கொல்லக்கூடிய சம்பவங்கள் அப்படி இல்லை. அவை எப்போதாவது வரும், முன்னறிவிப்பு இல்லாமல் வரும், இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துபோகும். மாணவி டியூட்டிக்கு வந்திருக்கும் அந்த ஆறு மணி நேரத்தில் அது நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நடந்தாலும் "நீ தள்ளி நில்லும்மா" என்றுதான் சொல்வார்கள். சொல்வது சரிதான், அந்த நேரத்தில் பாடம் நடத்த முடியாது.

வென்டிலேட்டர் நோயாளிக்குத் திடீரென்று ஆக்ஸிஜன் இறங்கினால் நான்கு காரணங்களை நினைக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். குழாய் இடம் மாறிவிட்டதா, குழாய் அடைத்துக்கொண்டதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கோத்துக்கொண்டதா, இயந்திரத்தில் கோளாறா. முதலில் இயந்திரத்தைக் கழற்றிக் கையால் மூச்சுக் கொடுத்தால் பாதி விடை அப்போதே தெரிந்துவிடும். பை சுலபமாக அமுங்கி, ஆக்ஸிஜனும் ஏறினால் பிரச்சினை இயந்திரத்தில். அமுங்க மறுத்தால் பிரச்சினை குழாயிலோ நெஞ்சிலோ. பிறகு உதட்டருகே குழாய் எத்தனை சென்டிமீட்டர் குறியில் இருக்கிறது, ஆள் குழாயைக் கடிக்கிறாரா, நெஞ்சு இருபக்கமும் சமமாக ஏறி இறங்குகிறதா. படிக்கும்போது இது ஒரு பத்தி. அலாரம் கத்தும்போது, பக்கத்துப் படுக்கைக்காரர் கையைக் காட்டிக் கூப்பிடும்போது, டியூட்டி டாக்டர் வேறு மாடியில் இருக்கும்போது, இது சாமானியமாக நினைவுக்கு வராது. பத்து முறை பொம்மையிடம் செய்திருந்தால் நினைவுக்கு வரவே வேண்டாம், கை தானாகப் போகும்.

இன்னொன்று, வெளியில் யாருக்கும் தெரியாத சின்ன வேலை. ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கும். சிரிஞ்ச் தீரும், மாற்ற வேண்டும். தீர்ந்த பிறகு நிதானமாகப் புது மருந்தைக் கலக்க ஆரம்பித்தால், அந்த இடைவெளியில் அழுத்தம் தரைக்கு வந்துவிடும். மாற்றும் அவசரத்தில் கை தவறி ஒரு தள்ளு தள்ளிவிட்டாலோ எகிறிவிடும். இரண்டாவது பம்பில் புது சிரிஞ்சைத் தயாராக வைத்து ஓடவிட்டுப் பிறகு பழையதை நிறுத்தும் வித்தையை நான் கற்றுக்கொண்டது ஒரு நோயாளியிடம். அவர் அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை.

'சரி சார்'

கைப்பழக்கம்தான் ஒத்திகையின் பெரிய பலன் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று புரியவைத்தது ஒரு மாணவி.

இறுதியாண்டு மாணவிகளுக்கான பயிற்சி. நோயாளிக்கு ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. டாக்டர் வேடத்தில் எங்கள் சக ஆசிரியர். திட்டப்படி அவர் பதற்றமான குரலில் ஒரு தவறான உத்தரவு கொடுக்க வேண்டும்: "பொட்டாசியம் ஒரு ஆம்பூல் எடுத்து நேரா வெயின்ல தள்ளுங்க, சீக்கிரம்!" பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேராக ரத்தக் குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். இதை முதலாண்டிலிருந்து சொல்லித் தருகிறோம். சலைனில் கலந்து, பம்ப் வழியாக, மெதுவாகத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் மாணவி வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. ஆம்பூலைக் கையில் எடுத்தாள், ஒரு நொடி நின்றாள், டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். "சரி சார்" என்று சொல்லி மருந்தை இழுத்துத் தள்ளிவிட்டாள். மானிட்டரில் கோடு நேரானது.

பயிற்சி முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். அழுதுகொண்டிருந்தாள். "உனக்குத் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டேன். "தெரியும் மேடம்." "அப்புறம் ஏன்?" அவள் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "சார் சொல்லும்போது எப்படி மேடம் வேணாம்னு சொல்றது? வேணாம்னு சொல்ற வாக்கியமே எனக்கு வரல."

அந்த வாக்கியத்தைத்தான் அன்று மீதி நேரம் முழுக்கப் பழகினோம். "சார், பொட்டாசியம் நேரா தள்ளக் கூடாது, நான் 100 எம்எல் சலைன்ல கலந்து பம்ப்ல போடறேன், சரியா?" இவ்வளவுதான். சத்தம் வேண்டாம், சண்டை வேண்டாம், மரியாதை குறையத் தேவையில்லை. ஆனாலும் வாய் திறந்து ஒருமுறை சொல்லிப் பார்க்காதவளுக்கு அது வராது. வீட்டிலும் பள்ளியிலும் விடுதியிலும் பெரியவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்ணை, ஒரே நாளில் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் "வேண்டாம்" என்று சொல்லச் சொல்கிறோம். பாடப்புத்தகம் அதைச் சொல்லிக்கொடுக்காது. எங்கள் வட்டத்தில் உட்கார்ந்திருந்த 14 பேரில் 11 பேர், தாங்களும் ஊசி போட்டிருப்போம் என்று கையைத் தூக்கினார்கள்.

பொம்மையைச் சாகவிட்டது சரியா என்று பிறகு எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. மாணவியின் மனம் உடைந்துபோகும், சாகவிடக் கூடாது என்பது ஒரு கட்சி. உலக அளவிலேயே இதில் ஒருமித்த கருத்து கிடையாது. என் கட்சி என்னவென்றால், சாகலாம், ஆனால் அதன் பிறகு பேசுவதற்கு ஒரு மணி நேரம் கைவசம் இருந்தால் மட்டும். பேச நேரமில்லாமல் "தப்பு செஞ்சே, அடுத்த ஆள் வா" என்று நடத்துவதாக இருந்தால் அது பயிற்சி அல்ல, தண்டனை.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாத இடம் இதுதான். ஒத்திகை பத்து நிமிடம் என்றால், அதன் பிறகு உட்கார்ந்து பேசுவது அரை மணியாவது இருக்க வேண்டும். கற்றல் அங்கேதான் நடக்கிறது. நீ அந்த நேரத்தில் என்ன நினைத்தாய், எதைப் பார்த்தாய், எது கண்ணில் படவில்லை, யாரைக் கூப்பிட்டாய், அவர் காதில் விழுந்ததா. இதைக் கேட்கத் தெரிந்த ஆசிரியர் இல்லாமல் ஐம்பது லட்ச ரூபாய் பொம்மை வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. டாக்டர்களும் அதே வட்டத்தில் உட்கார வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். செவிலியருக்கு மட்டும் எதிர்த்துச் சொல்லப் பழக்கிவிட்டு, கேட்டுக்கொள்ளப் பழகாத ஒரு பயிற்சி மருத்துவர் முன்னால் அவளை நிறுத்தினால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம்.

இதனால் நோயாளிக்கு லாபம் உண்டா?

நியாயமான கேள்வி. பொம்மையிடம் நன்றாகச் செய்பவர் மனிதரிடமும் நன்றாகச் செய்வாரா? சிகாகோவில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். கழுத்திலோ நெஞ்சிலோ பெரிய ரத்தக் குழாய்க்குள் போடும் சென்ட்ரல் லைன் வழியாகக் கிருமி புகுவது ஐசியுக்களின் தீராத தலைவலி. பயிற்சி மருத்துவர்கள் பொம்மையிடம் தேறிய பிறகே நோயாளியிடம் அனுப்பப்பட்டார்கள். குழாய் போட்டிருந்த ஆயிரம் நாட்களுக்கு 3.2 என்று இருந்த ரத்தத் தொற்று, 0.5 ஆகக் குறைந்தது. அது மருத்துவர்களுக்கான பயிற்சி. ஆனால் அந்த லைனைத் தினமும் தொட்டு, மருந்து ஏற்றி, கட்டு மாற்றுபவர் செவிலியர்.

செவிலியர் கல்வியில் பெரிய ஆய்வு அமெரிக்காவின் மாநில நர்சிங் வாரியங்களின் தேசிய கவுன்சில் நடத்தியது. 10 நர்சிங் கல்லூரிகள். ஒரு பிரிவினர் வழக்கம்போல மருத்துவமனையில் கற்றார்கள். இன்னொரு பிரிவுக்கு மருத்துவமனை நேரத்தில் 25 சதவீதமும், மூன்றாவது பிரிவுக்கு 50 சதவீதமும் சிமுலேஷனாக மாற்றப்பட்டது. 2014-ல் முடிவு வந்தது. தேர்ச்சியிலும், வேலைக்குப் போன முதல் ஆறு மாதத்தில் மேலதிகாரிகள் கொடுத்த மதிப்பீட்டிலும் மூன்று பிரிவுகளுக்குள் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் செவிலியர் மாணவர் முடிக்க வேண்டிய 2,300 மணி நேரச் செய்முறைப் பயிற்சியில் 600 மணி வரை சிமுலேஷனாக இருக்க இப்போது அனுமதி உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த அமெரிக்க ஆய்வில் ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள், கருவிகள் இருந்தன, பேசுவதற்கு நேரம் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு "பாதி நேரம் பொம்மை போதும்" என்ற ஒரே வரியை மட்டும் பிடித்துக்கொண்டால், போதிய நோயாளிகள் உள்ள மருத்துவமனையே இல்லாமல் நர்சிங் கல்லூரி நடத்துபவர்களுக்குக் கொண்டாட்டம்தான். பொம்மைக்கு வியர்க்காது. அதன் மகள் கதவருகே நின்று "அப்பா எப்படி இருக்காரு சிஸ்டர்?" என்று கேட்க மாட்டாள். ஐசியு நர்சிங்கில் பாதி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது. நோயாளியிடம் போவதற்கு முன்னால்தான் ஒத்திகை. நோயாளிக்குப் பதிலாக அல்ல.

கண்ணாடி அலமாரிக்குள் பொம்மை

நம் ஊரில் நிலைமை என்ன? காகிதத்தில் மோசமில்லை. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தைத் திருத்தி செமஸ்டர் முறைக்குக் கொண்டுவந்தபோது, சிமுலேஷனுக்கும் அதில் இடம் கொடுத்தது. குருகிராமில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரத் தேசிய மாதிரி மையம் ஒன்றும் இயங்குகிறது. தீவிர சிகிச்சைக்கென்றே இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் உண்டு.

ஆனால் ஸ்கில் லேப் என்று பலகை மாட்டிய அறைகளுக்குள் போய்ப் பாருங்கள். நான் பரீட்சை எடுக்கப் போகும் இடங்களில் பார்த்திருக்கிறேன். பொம்மை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் படுத்திருக்கும். அலமாரிக்குப் பூட்டு, சாவி பிரின்சிபாலிடம். ஆய்வுக் குழு வரும் நாளன்று தூசி தட்டி, பொட்டு வைக்காத குறையாக வெளியே எடுத்து வைப்பார்கள். "மாணவிகள் தொட்டா உடைஞ்சிடும் மேடம், உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வரணும்" என்று ஒருவர் என்னிடம் உண்மையான கவலையோடு சொன்னார். ஒரு கல்லூரியில் சிபிஆர் பொம்மையின் நெஞ்சு ஸ்பிரிங் புத்தம் புதிதாக இருந்தது. ஒருவரும் அழுத்தியதே இல்லை. பெரியவர்களுக்கு நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்று எல்லோரும் எழுதுவார்கள். செய்யச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மூன்று, நான்கோடு நிறுத்திவிடுவார்கள். எலும்பு உடைந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தைப் போக்கத்தானே பொம்மை?

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் செவிலியர்கள் ஒத்திகை பார்க்காமல் இல்லை. பிரிட்டன் வேலைக்குப் போக விரும்புபவர்கள் அங்கே ஒரு செய்முறைத் தேர்வில் தேற வேண்டும். அதில் பொம்மைகளும் நோயாளியாக நடிப்பவர்களும் இருப்பார்கள். அதற்காகச் சொந்தக் காசைக் கொடுத்து, மாதக்கணக்கில், ஒவ்வொரு அசைவாகப் பழகுகிறார்கள். என் பழைய மாணவி ஒருத்தி போனில் சொன்னாள்: "மேடம், நாலு வருஷம் இங்க ஐசியுல வேலை பார்த்தேன். முறையா செஞ்சு பழகினது லண்டனுக்காகத்தான்." லண்டன் நோயாளிக்குக் கிடைக்கும் அந்தப் பயிற்சி இங்கே உள்ள நோயாளிக்குக் கிடைக்கவில்லை.

காசு ஒரு சாக்கு

விலை உயர்ந்த பொம்மை இல்லாததால் நடத்த முடியவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். மூச்சு விடும், பேசும், வியர்க்கும் பொம்மை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரணப் பொம்மை, அதன் வாயில் ஒரு பழைய குழாய், காலாவதியான மருந்து ஆம்பூல்கள், மானிட்டருக்குப் பதில் ஒரு டேப்லெட். பாலில் மாவு கலந்து சளி தயாரிக்கிறோம். எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணன் அதில் நிபுணர். காலியாக இருக்கும் ஐசியு படுக்கையிலேயே டியூட்டி மாறும் நேரத்தில் 15 நிமிடம் நடத்தலாம். இதில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு. எமர்ஜென்சி டிராலியில் எந்த மருந்து தீர்ந்திருக்கிறது, எந்த லாரிங்கோஸ்கோப்பில் பேட்டரி இல்லை, ஆக்ஸிஜன் இணைப்பு எங்கே எட்டவில்லை என்பதெல்லாம் நோயாளிக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடும். நாங்கள் ஒருமுறை நடத்தியபோது டிராலியின் சாவி வீட்டுக்குப் போன ஒருவர் கைப்பையில் இருந்தது தெரியவந்தது.

தமிழ்நாட்டில் 36 அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு ஸ்கில் லேப் இருக்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. அதே கதவை, அதே வளாகத்தில் வேலை பார்க்கும் ஐசியு செவிலியருக்கும் திறந்துவிடப் புது நிதி எதுவும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

உண்மையில் கிடைக்காத பொருள் நேரம்தான். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒருவருக்கு ஒருவர் என்று செவிலியர் இருக்க வேண்டும். மூன்று நோயாளிக்கு ஒருவர், நான்கு நோயாளிக்கு ஒருவர் என்று ஓடும் இடத்தில் "ஒத்திகைக்கு வாம்மா" என்றால் யார் வருவார்கள்? வார விடுமுறை நாளில் கூப்பிடுவார்கள். அன்றைக்குத்தான் அவள் தூங்குவாள், துணி துவைப்பாள், பிள்ளையைப் பார்ப்பாள். ஒத்திகை டியூட்டி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ரோஸ்டரில் அவள் பெயருக்கு எதிரே எழுதப்பட வேண்டும். அங்கே அவள் செய்யும் தவறு மெமோவாக மாறக் கூடாது. மாறினால் அடுத்த முறை எல்லோரும் கைகட்டி நிற்பார்கள்.

ஒத்திகை பார்ப்பவரே நாளை வேலையில் இருப்பாரா என்பது அதைவிடக் கசப்பான விஷயம். 2022 டிசம்பர் 27 அன்று கரோனா மீண்டும் பரவினால் சமாளிக்க முடியுமா என்று பார்க்க நாடு முழுக்க மருத்துவமனைகளில் ஒத்திகை நடந்தது. படுக்கைகளை எண்ணினார்கள், ஆக்ஸிஜன் குழாயைத் திறந்து பார்த்தார்கள், வென்டிலேட்டரை ஓடவிட்டார்கள். அதே வாரத்தின் கடைசி நாளில், கரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,400-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணியைத் தமிழ்நாடு அரசு முடித்துக்கொண்டது. பிறகு மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக மாற்றுப் பணி தருவதாகச் சொன்னார்கள். அவர்களில் பலர் வென்டிலேட்டரையும், நோயாளியைக் குப்புறப் படுக்கவைக்கும் முறையையும் உண்மையான நோயாளிகளிடமே, கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டே கற்றுக்கொண்டவர்கள். அந்தக் கல்விக்கு ஆன செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

தனியார் மருத்துவமனைகளில் வேறு மாதிரி. "ரெண்டு மாசம் ட்ரெயினிங் கொடுத்தா அடுத்த வருஷம் துபாய் போயிடறாங்க, நாங்க எதுக்குச் செலவு பண்ணணும்?" என்று ஒரு நிர்வாகி என்னிடம் கேட்டார். போகட்டுமே. பழகாத ஒருத்தி போகாமல் அங்கேயே இருப்பது அவருக்குச் சம்மதமா?

ஐசியுவில் தனியாக நைட் டியூட்டி போடுவதற்கு முன்னால், எந்தச் செவிலியராக இருந்தாலும், குழாய் அடைப்பு, குழாய் கழன்றுபோவது, இதயம் நின்றுபோவது, மருந்து பம்ப் மாற்றுவது, தவறான உத்தரவை மறுப்பது ஆகியவற்றையாவது பொம்மையிடம் செய்து காட்டித் தேற வேண்டும் என்று ஒரு விதி வந்தால் போதும் என்பது என் கோரிக்கை. தேறாவிட்டால் வேலை போகக் கூடாது. தேறும்வரை சீனியர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் செய்ய வேண்டும். சிபிஆர் போன்ற திறமைகள் பழக்கம் விட்டால் சில மாதங்களிலேயே மங்கிப்போகின்றன.

எங்கள் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் அடுத்த மாதம் மூன்று பேர் புதிதாக ஐசியுவுக்கு மாறுகிறார்கள். அவர்களுக்கு ரோஸ்டரில் மூன்று நாள் ஒதுக்கித் தரும்படி நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் கேட்டிருந்தேன். ஒரு நாள் கிடைத்திருக்கிறது. மாவும் பாலும் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.